கடைசி வரி வரைக்கும் வாசித்தவள்

போன வாரம் முருகலட்சுமி போன் பண்ணினாள். நான் போர்மேனாக இருந்த அதே பட்டாசு ஆபீஸில் இப்போது அவள் போர்மேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் மேஜை நாற்காலி இருக்கும் இடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"அண்ணாச்சி, சொகமா இருக்கீகளா?" என்று ஆரம்பித்தவள் அடுத்த வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "சிவகாசியில இருந்து புதுசா ஒரு தாள் வந்திருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம். ஒரு ஆளு மட்டும் போட மாட்டேன்னு நிக்கிது. புது மேனேஜரு, இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படி மறுத்ததில்லைங்காரு. குருவம்மா அக்கா விசயத்தச் சொன்னேன். அதெல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்துல இருக்கான்னு கேக்காரு. நீங்க எழுதித் தாங்க அண்ணாச்சி. அன்னைக்கு நடந்தத நடந்தபடியே எழுதுங்க."

"மறுக்கிறது யாருத்தா?"

"அதப் பொறவு சொல்றேன். நீங்க மொதல்ல எழுதுங்க."

எழுதுகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். இத்தனை வருட வேலையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு நாலைந்து சம்பவங்கள் உண்டு. இது அந்த ரகத்தில் சேராது. இதில் நான் நல்ல பிள்ளை இல்லை. அதனாலேயே மறைக்காமல் எழுத வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

என் பெயர் சங்கரலிங்கம். சாத்தூர்ப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லோடு ஏற்றப் போனேன். அப்புறம் பேக்கிங், அப்புறம் வெடிமருந்து கலக்கும் அறையில் கையாள், அப்புறம் பரீட்சை எழுதிப் போர்மேன் சான்றிதழ். இதையெல்லாம் விரித்துச் சொன்னால் எல்லாருடைய கதையும் போலத்தான் இருக்கும். போர்மேனான பிறகு அழகர்சாமி சாரிடம் வேலை பார்த்த வருடங்களில்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

அழகர்சாமி சார் எங்கள் மேனேஜர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஆள் உயரம், குரல் தணிவு. மருந்து இருக்கும் இடத்தில் யாரும் சத்தம் போட்டுப் பேசக்கூடாது என்பது அவர் சட்டம். பதறினால் கை நடுங்கும், கை நடுங்கினால் மருந்து சிந்தும் என்பார். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அறைகளை விட்டுத் தள்ளி மைதானத்து ஓரத்தில் நிற்கும் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் திட்டுவார். அங்கேயும் குரல் உயராது. "சங்கரலிங்கம், வேம்படிக்கு வா" என்று அவர் சொன்னால் கைவேலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போவேன். பெண்கள் அன்று முழுக்க, "அண்ணாச்சிக்கு இன்னைக்கு வேப்பங்காத்து" என்று கேலி பண்ணுவார்கள்.

காலையில் கேட்டைத் தாண்டும்போதே தீப்பெட்டி, பீடி, சாவி எல்லாம் ஒரு பெட்டியில் போய்விடும். செருப்பு வெளியே. உள்ளே வந்ததும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை ஒவ்வொருவரும் உள்ளங்கையால் தொட்டுவிட்டுப் போக வேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணில் இறங்குவதற்கு. முதலில் தொடுவது மேனேஜர். அவர் தொட்டு நான் பார்க்காத நாள் இல்லை. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு அறையின் சுவரிலும் எத்தனை பேர் உட்காரலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். பூச்சட்டிக்கு, வெளியூரில் புஸ்வாணம் என்பார்களே அதற்கு, மருந்து அடைக்கும் அறை என்றால் நாலு பேர். ஐந்தாவது ஆள் தண்ணீர் கொடுக்க வந்தாலும் வாசலோடு நிற்க வேண்டும்.

இவை அரசாங்க விதிகள். அழகர்சாமி சார் தானாகக் கொண்டுவந்த விதி ஒன்று இருந்தது. எங்கள் ஆபீஸுக்கு மட்டும் உரியது. அடைத்த சட்டிகளை அடுக்க மரத்தட்டு வைத்திருப்பார்கள். அறைக்குள் யாருக்காவது எதுவாவது சரியில்லை என்று பட்டால், மருந்தில் வேறு வாடை, லேசான சூடு, மனசுக்குள் ஒரு உறுத்தல், எதுவானாலும் சரி, அந்தத் தட்டை வாசல்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். கவிழ்த்தவளைப் பார்த்து ஏன் என்று கேட்கக்கூடாது. எல்லாரும் வெளியே வந்து, வேம்படிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்கலாம். சும்மா கவிழ்த்திருந்தாலும் திட்டக்கூடாது. ஒருத்தி முதுகு வலிக்கிறது என்று கவிழ்த்தாள் ஒருநாள். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். "நூறு தரம் சும்மா கவுத்தட்டும் சங்கரலிங்கம். ஒரு தரம் கவுக்காம விட்டுறக் கூடாது" என்றார்.

அந்த விதியைக் கொண்டுவந்தவரேதான் உறுதிமொழியையும் கொண்டுவந்தார்.

வடக்கே அடிக்கடி குண்டு வெடித்த செய்தி வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து ஜாமீன் இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று ஒரு கடுமையான சட்டம் வந்திருந்தது. எங்கள் வேன் நிற்கும் டீக்கடையில் பேப்பரை வைத்துக்கொண்டு தினமும் சண்டை. தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்று ஒரு கட்சி. இன்னைக்கு அவனைப் பிடிக்கிறவன் நாளைக்கு உன்னைப் பிடிக்க மாட்டானா, வாயைத் திறந்தாலே தேசத் துரோகியா என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. அப்போது அப்படித்தான் இருந்தேன். வெடிமருந்து புழங்கும் ஊர் என்பதால் எங்கள் பக்கம் போலீஸ் விசாரிப்பும் கூடியிருந்தது. நம்மை யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்ற பயம் எல்லா முதலாளிகளுக்கும் இருந்தது.

அழகர்சாமி சார், தினமும் வேலை தொடங்கும் முன்னால் எல்லாரும் மைதானத்தில் நின்று நாட்டுக்கான உறுதிமொழி சொல்லலாம் என்றார். பள்ளிக்கூடத்தில் சொல்வோமே, அதுதான். வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அறுபது பேரும் திருப்பிச் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. எல்லாரும் உடன்பிறந்தவர்கள் என்ற வரி வரும்போது மேனேஜருக்குக் கண் கலங்கும். எல்லைப் பனியில் கூட நின்ற யாரோ ஒருவரை நினைத்துக்கொள்வார் போல. பட்டாளத்துக் கதை கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

கொஞ்ச நாளில் சிவகாசியில் இருக்கும் முதலாளிக்கு இந்தச் சேதி போயிற்று. அவருக்கு ஒரே சந்தோஷம். திருத்தங்கலில் அவர்களுக்கு அச்சகம் உண்டு. காலண்டர் அடிக்கும் நல்ல வழவழப்பான தாளில், மேலே மூவர்ணக் கொடி போட்டு, உறுதிமொழியை அச்சடித்து ஆளுக்கு ஒன்று அனுப்பிவிட்டார். கீழே பெயர், கையெழுத்து, தேதி. கட்டு என் கைக்கு வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். முதல் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். வாசிக்கவில்லை. எதற்கு வாசிக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் ஆயிற்றே. மேனேஜரும் அப்படித்தான் போட்டார். பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். கொடியைப் பார்த்தார்கள், முதல் வரியைப் பார்த்தார்கள், பேனாவைக் கேட்டார்கள். அரை மணியில் ஐம்பத்தொன்பது கையெழுத்து விழுந்துவிட்டது.

அறுபதாவது ஆள் குருவம்மா.

பதினாலாம் நம்பர் அறையில் பூச்சட்டி அடைக்கிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்பாள், நான் அவளை அக்கா என்பேன். கை வேகம் அதிகம், வாய் குறைவு. பள்ளிக்கூடமே போனதில்லை. முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். பஸ் பலகை, மருந்துச் சீட்டு, முறுக்குச் சுற்றிவந்த பேப்பர் என்று எது கிடைத்தாலும் விரலை வைத்து வாசிப்பாள். அன்றைக்கும் தாளை வாங்கிச் சுவரில் வைத்து, விரலை முதல் எழுத்தில் வைத்தாள்.

"அக்கா, நமக்குத் தெரிஞ்சதுதானே. தினமும் சொல்றதுதான். போட்டுட்டுப் போங்க" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. நீக சின்னதுலேயே படிச்சிருக்கீக. நான் இப்பத்தான வாசிக்கேன்."

விரல் ஊர்ந்தது. எனக்கு எரிச்சல். பின்னால் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உறுதிமொழி முடிந்தும் விரல் நிற்கவில்லை. அதற்குக் கீழே, பெயர் எழுதும் கோட்டுக்கு மேலே, பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அவள் உரக்க வாசித்தாள். நிர்வாகம் இடும் எந்த வேலையையும் மறுப்புச் சொல்லாமல் செய்வேன். தொழிற்சாலைக்குள் நடக்கும் எதையும் வெளியார் எவரிடமும் சொல்ல மாட்டேன்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளிலும் இருந்தது.

"இதுக்கும் நாட்டுக்கும் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

பதில் இல்லாதபோது மனுசனுக்குக் கோபம்தான் வரும். "அது சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டிருப்பாக. எல்லாரும் போட்டாச்சு. நீங்க மட்டும் என்ன வக்கீலா?" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. "மேல இருக்கிறத எத்தன தரம் வேணும்னாலும் சொல்றேன். கீள இருக்கிறதுக்கு என் கை வராது" என்றாள். அப்புறம்தான் சொன்னாள். அவள் தங்கச்சி செல்லத்தாய் வேறொரு ஆபீஸில் வேலை பார்த்துச் செத்துப்போனவள். அது எங்களுக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது. நாலு பேர் அறையில் ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தார்கள். அங்கேயும் முன்னாலேயே எல்லாரிடமும் ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி எத்தனை பேர் இருந்தீகன்னு கேட்டபோது, தப்பிப் பிழைத்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தெனமும் கைய நீட்டி எல்லாரும் ஒடன்பொறந்தவகன்னு சொல்றோம். எங் கூடப் பொறந்தவ செத்தப்ப ஒருத்தி வாயத் தொறக்கல அண்ணாச்சி. அவுகளக் குத்தம் சொல்லல. கைநாட்டு வச்சிருந்தாக. நான் அதனாலதான் எழுத்தே படிச்சேன்."

தாளை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். சாயந்திரம் மேனேஜர் கேட்டார்: "எல்லாரும் போட்டாச்சா?"

"குருவம்மா மட்டும் போடல சார்."

"ஏன்?"

அந்த இடத்தில் நான் இரண்டு வரியைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. காட்டினால், வாசிக்காமல் ஐம்பத்தெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கின போர்மேன் என்று என் பெயர் கெட்டுப்போகும். முதலாளி போட்ட வரியை மேனேஜர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதும் தெரியாது. "என்னமோ பிடிவாதம் சார். கை வராதுங்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் சொன்ன வாக்கியத்தில் பாதியைத்தான் சொன்னேன். பாதி உண்மை எம்புட்டுப் பெரிய பொய் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

அவர் முகம் மாறிவிட்டது. நாட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருத்தி சொல்கிறாள் என்றே அவர் புரிந்துகொண்டார். பனியில் நின்றவர் இல்லையா. "போடுற வரைக்கும் கேட்டுக்கு வெளிய நிக்கட்டும்" என்றார்.

மறுநாள் குருவம்மா வேனில் வந்தாள். அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. அதற்குள் பேச்சு பரவிவிட்டது. ஒருத்தன் தேசத் துரோகி என்றே சொன்னான். சிரிப்பாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா தெரியாது, அவளுக்குக் கேட்டது. கேட்டில் காவலாளி அவளை நிறுத்திவிட்டார். நாங்கள் உள்ளே மைதானத்தில் வரிசையில் நின்றோம். நான் முதல் வரியைச் சொன்னேன். அறுபதுக்கு ஒன்று குறைவாகக் குரல்கள் திருப்பிச் சொல்லின. அப்புறம் கேட்டுக்கு வெளியே இருந்து ஒற்றைக் குரல்.

திரும்பிப் பார்த்தேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில், வலது கையை நீட்டிக்கொண்டு நின்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வரி வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் புளிய மரத்தடியில் உட்கார்ந்தாள். அன்று பூராவும் உட்கார்ந்திருந்து சாயந்திரம் வேன் ஏறிப் போனாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. எனக்கு உறுதிமொழி சொல்ல நாக்கு எழவில்லை. மேனேஜர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஆனால் அவருக்கும் கேட்டிருக்கும்.

நாலாம் நாள் காலையில் தூறல். தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. லோடு போக வேண்டும் என்று சிவகாசியிலிருந்து போன் மேல் போன். முதலாளி வீட்டு மாப்பிள்ளை ஒருவர் மேற்பார்வைக்கு என்று காரில் வந்து இறங்கியிருந்தார். நான் மருந்து கலக்கும் அறையில் இருந்த நேரத்தில், பதினாலாம் அறையில் ஆள் குறைகிறது என்று பேக்கிங்கில் இருந்து இரண்டு பேரை அனுப்பிவிட்டார். மூன்று பேரோடு இரண்டு பேர், ஐந்து. அந்த ஐந்தாவது ஆள் முருகலட்சுமி. அப்போது கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண். மருந்தறைக்குள் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

நான் சுற்றுக்கு வந்தேன். ஐந்து தலை தெரிந்ததும் சுருக்கென்றது. அதைவிட, யாரும் பேசவில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை. முருகலட்சுமி மட்டும் மருந்துப் பாத்திரத்திலிருந்து உடம்பைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் குனிந்தேன். வாடை மாறியிருந்தது. ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள்ளே சூடேறும்போது வரும் வாடை அது, ஒரு தரம் மோந்தவன் மறக்க மாட்டான்.

தட்டை எடுத்து நானே வாசலில் கவிழ்த்தேன். "மெதுவா எந்திரிங்க. ஒண்ணையும் தொடாதீக. வேம்படிக்கு" என்றேன். சத்தம் போடவில்லை, அது மட்டும் பழக்கமாக இருந்தது. பக்கத்து அறைகளையும் காலி பண்ணினேன். விதிப்படி சூடான மருந்தைக் காப்பாற்றப் போகக்கூடாது. தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அந்த மாப்பிள்ளை, "எதுக்கு எல்லாரும் இங்க நிக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம். அப்புறம் சத்தம். பதினாலாம் அறையின் கூரை எழும்பி, ஓடு மழை போல மைதானத்தில் விழுந்தது. சுவரில் எழுதியிருந்த நாலு என்ற எண் இருந்த பக்கமும் சரிந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

முருகலட்சுமியிடம் போனேன். "சூடாயிருந்தது தெரிஞ்சதா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சது அண்ணாச்சி. ரொம்ப நேரமா."

"பின்ன ஏன்டி தட்டக் கவுக்கல?"

"மறுப்புச் சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கமே. குருவம்மா அக்கா வாசிச்சப்ப எல்லாரும் கேட்டமே. கவுத்தா என்னையும் கேட்டுக்கு வெளிய நிறுத்திருவாகன்னு..."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குருவம்மா அந்த வரியை உரக்க வாசித்தது எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. நாட்டின் பெயருக்குக் கீழே இருந்ததால் அதையும் நாட்டுக்குக் கொடுத்த வாக்காகவே எடுத்துக்கொண்டு, ஐந்து பெண்கள் சூடேறிய மருந்துக்கு முன்னால் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத் தாளில் போட்டது யாரோ. கையெழுத்து வாங்கியது நான். அவள் கேட்ட கேள்வியை மேனேஜரிடம் சொல்லாமல் முழுங்கியதும் நான்.

அழகர்சாமி சார் எரிந்த அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "சார், கொஞ்சம் வேம்படிக்கு வாங்க."

அந்த ஆபீஸில் அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தார். வந்தார்.

குருவம்மா கையெழுத்துப் போடாத தாள் என் சட்டைப்பையில் நாலு நாளாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். "கடைசி வரி வரைக்கும் வாசிங்க சார்" என்றேன். கண்ணாடியை மாட்டினார். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளை இரண்டு தரம் வாசித்தார்.

"நீ இத எப்ப வாசிச்ச?"

"குருவம்மா வாசிச்ச அன்னைக்கு சார்."

"நாலு நாளு."

"ஆமா சார்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "பட்டாளத்துல ஆபீசர் சொல்லுக்குக் கட்டுப்படுவேன்னு நானும் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். "அங்க எதிரி எதுத்தாப்புல நின்னான். இங்க எவன் எதிரி? பூச்சட்டியா?" தாளை மடித்துக்கொண்டே, "நானும் வாசிக்கலையே சங்கரலிங்கம். மனப்பாடம்னு போட்டுட்டேன்" என்றார்.

அதற்குள் மாப்பிள்ளை போனோடு வந்தார். ஆள் சேதம் இல்லை, சின்ன விஷயம், வெளியே போக வேண்டாம் என்று சிவகாசியில் சொல்கிறார்களாம். "எல்லாரும்தான் எழுதிக் குடுத்திருக்காங்களே" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "தொழிற்சாலை ஆய்வாளருக்கு நான் தகவல் சொல்லப் போறேன். அறையில எத்தன பேருன்னு கேப்பாரு. நீ என்ன சொல்லுவ?"

எனக்கு வீடு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு இருந்த மகள் ஞாபகம் வந்தது. போர்மேன் சான்றிதழ் ரத்தானால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஆபீஸும் சேர்த்துக்கொள்ளாது. கேட்டுப் பக்கம் பார்த்தேன். சத்தம் கேட்டுக் குருவம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தது.

"அஞ்சு பேருன்னு சொல்லுவேன் சார்."

சொன்னேன். ஆய்வாளர் வந்து எழுதிக்கொண்டு போனார். ஆபீஸைச் சில வாரம் மூடினார்கள், சீசன் பாதி போயிற்று. என் மேல் பாதி ஊருக்குக் கோபம். அதுவும் நியாயமான கோபம்தான், வேலை இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள்தானே.

ஆனால் அன்றைக்கே நடந்தது ஒன்று உண்டு. மேனேஜர் நேராகக் கேட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "உள்ள வாம்மா" என்றார்.

குருவம்மா அசையவில்லை. "தாளு என்னாச்சு சார்?"

"நீ போட வேண்டாம்."

"நான் மட்டுமா, எல்லாருமா?"

அவர் திரும்பிப் பேக்கிங் அறைக்குப் போனார். லேபிள் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தாள் கட்டைக் கேட்டை ஒட்டி இருந்த மேஜையில் வைத்து, ஒவ்வொரு தாளிலும் உறுதிமொழிக்குக் கீழே இருந்த பகுதியை வெட்டினார். அவர் கையெழுத்தும் வெட்டுப்பட்டு விழுந்தது. குருவம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்தாள். கடைசித் தாள் வெட்டின பிறகுதான் உள்ளே வந்தாள். வந்ததும் செம்புத் தகட்டைத் தொட்டாள். வேலை இல்லை, அறையே இல்லை, ஆனாலும் தொட்டாள்.

அடுத்த நாள் மேனேஜரும் நானும் சிவகாசிக்குப் போனோம். முதலாளி கெட்ட மனுசர் இல்லை. யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள், போலீஸ் தொந்தரவு இருக்காது, கம்பெனி ரகசியம் வெளியே போகாது என்று. அவரும் ஒரே தாளில் இரண்டையும் அடித்துவிட்டார். வெட்டின தாள்களைப் பார்த்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கொடி போட்ட காகிதத்தையா வெட்டுனீங்க?" என்று கேட்டார்.

அழகர்சாமி சார் அங்கேயும் குரலை உயர்த்தவில்லை. "கொடிய வெட்டல ஐயா. மேல உள்ளது நாட்டுக்கு. அதச் சொல்ல எங்க ஆளுகளுக்குக் கையெழுத்து வேண்டாம், வெளிய நிறுத்துனாலும் ரோட்டுல நின்னு சொல்லுதாக. கீழ உள்ளது உங்களுக்கு. உங்களுக்கு வேணும்னா நீங்களே கேளுங்க. அதுக்கு நாட்டக் கூப்பிடாதீங்க" என்றார்.

முதலாளி வெட்டின தாள்களை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். தாள் விஷயம் அதோடு நின்றது. அவர் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அடுத்த சீசனுக்கு அழகர்சாமி சாருக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. கடைசி நாளில் கேட்டில் நின்று செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, "தட்டு விதி மட்டும் போயிராம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் பார்த்துக்கொண்டேன். உறுதிமொழியும் தொடர்ந்தது. வர விருப்பம் உள்ளவர்கள் வந்து நிற்கலாம் என்று ஆக்கினோம். குருவம்மா ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. பதினாலாம் அறையைத் திரும்பக் கட்டி அவளை உட்கார வைத்த முதல் நாளே, தண்ணீர் கொடுக்க ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள் என்று தட்டைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்து நின்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு நேற்று முருகலட்சுமிக்குப் போன் பண்ணினேன். "எழுதியாச்சு. இப்பச் சொல்லு, போட மாட்டேன்னு நிக்கிறது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. மொதக் கையெழுத்து போர்மேன் போடணும், அப்பத்தான் மத்தவக போடுவாகன்னு தாள எங்கிட்டத்தான் குடுத்தாக. கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். அதே ரெண்டு வரி."

அன்றைக்கு அதே இடத்தில், அதே பதவியில், முதல் ஆளாகப் பேனாவை எடுத்தவன் நான். "பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. நாளைக்கு என்னையக் கேட்டுக்கு வெளிய நிறுத்தப் போறாகளாம்."

"எத்தன மணிக்கு?"

"ஏன் அண்ணாச்சி?"

"நானும் வாறேன்."

புது மேனேஜர் அவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டீர்களாம். இதோ இருக்கிறது. தொழிற்சாலைக்குள் நடந்ததை வெளியே சொல்லியிருக்கிறேன். அன்று மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட ஐம்பத்தெட்டுத் தாளும் வெட்டுப்பட்டன. என் தாளை மட்டும் நான் வெட்டக் கொடுக்கவில்லை, என் தப்பு என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் இருப்பது வாசிக்காமல் போட்ட கையெழுத்து. இந்தக் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

சங்கரலிங்கம்
போர்மேன் (ஓய்வு)